மூன்றாம் அத்தியாயமும் முதல் முறைத் தண்ணீரும்

ஓர்லிண்டா எழுதிய புத்தகத்தை எங்கள் ரெமான்சோ கிராமத்தில் முழுதாகப் படித்தவர் ஒருவரும் இல்லை; கையில் எடுக்காதவரும் இல்லை. அவரவர் பெயர் வருகிற பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு மூடிவைத்தோம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கடைசியில் பொடி எழுத்துக் குறிப்புகளுக்குள், 'பெயர் வெளியிட விரும்பாத அண்டை வீட்டுப் பெண்மணி கூறியது' என்று என்னைப் போட்டிருக்கிறாள். விரும்பவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? இரண்டு குளிர்காலம் என் அடுப்படியில் உட்கார்ந்து, என் பீன்ஸைத் தின்றுகொண்டே ரெக்கார்டரை என் பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தாளே, அப்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெல்ஃபினா என்று எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பேன்.

அது கிடக்கட்டும். புத்தகம் எங்கள் வாய்க்காலைப் பற்றியது. எங்கள் முன்னோர்கள் கோவேறு கழுதைகளோடு தெற்கிலிருந்து வந்து வெட்டியது என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம். ஓர்லிண்டாவோ, ஆற்றுக்கு மேல்கரையில் இருக்கும் பூர்வகுடிகளான புவெப்லோக்காரர்கள் அதற்கும் வெகு காலம் முன்பே தண்ணீரைத் திருப்பிப் பயிர் செய்தவர்கள், அவர்களிடம் கற்றதைத்தான் நம் ஆட்கள் தங்கள் வித்தை என்று சொல்லிக்கொண்டார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டாள். எங்கள் தெரு ட்ரான்கிலினோ ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவன் பெண் எடுத்தது புவெப்லோவில். மைத்துனர் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து ஞாயிறுதோறும் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

வினையானது முதல் அத்தியாயம் அல்ல, மூன்றாவது. வருடா வருடம் வசந்தத்தில் தண்ணீர் விடும் முன் எல்லாரும் கூடி வாய்க்காலைத் தூர்வாருவோமே, அதைப் பற்றியது. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒருவர் வருவார். பிறகு பாதி நிலம் சான்டா ஃபே நகரத்துக்காரர்கள் கைக்குப் போயிற்று. அவர்கள் கூலிக்கு ஆள் அனுப்பினார்கள், அதுவும் அலுத்தபோது காசோலை அனுப்பினார்கள். 'உடம்புக்குப் பதில் காசோலை வரத் தொடங்கும் நாளில் வாய்க்கால் செத்துப்போகிறது' என்று ஓர்லிண்டா எழுதியிருந்தாள்.

போன இலையுதிர் காலக் கூட்டத்தில் மடைக்காரர் எலிசெயோ அந்த வரியை எழுந்து நின்று வாசித்தார். எந்த வீட்டுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்கிறவர் அவர். பேச்சுக்குப் பெயர் போனவர் இல்லை. அவரே வாசித்ததும் எல்லாருக்கும் சூடு ஏறிவிட்டது. இனிமேல் கூலி ஆள் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க வேண்டும், இறங்காத வீட்டுக்கு முதல் முறைத் தண்ணீர் கிடையாது என்று கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள். முதலில் கைதட்டியது ஓர்லிண்டா. நான் அவளுக்குப் பின்வரிசையில்தான் இருந்தேன்.

அவள் வீட்டிலிருந்தும் பல வருடமாகக் கூலி ஆள்தான் வந்துகொண்டிருந்தார் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை, அவள் உட்பட. அவள் அம்மா ஃபெலிசித்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. தம்பி டென்வரில், வருடத்துக்கொரு வாழ்த்து அட்டையோடு சரி. ஓர்லிண்டா டாக்டர் பட்டம் வாங்கி, ஆல்புகெர்க்கியில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் இது கடைசியோ என்ற முகத்தோடுதான் ஊருக்கு வருவாள். தூர்வாரும் சனிக்கிழமையில் அவளுக்கு எங்காவது கருத்தரங்கு இருக்கும். பெரும்பாலும் வாய்க்கால்களைப் பற்றி.

இந்த வருடம் எலிசெயோ பனியைப் பார்த்து இரண்டு முறை தேதி மாற்றினார். மூன்றாவதாகக் குறித்த தேதி, பல்கலைக்கழகத்தில் அவள் புத்தகத்துக்கு விழா எடுக்கிற நாளின் மேல் போய் உட்கார்ந்தது. நிரந்தர இடம் ஒன்று காலியாக இருக்கிறது, முடிவு செய்கிறவர்கள் எல்லாம் வருகிறார்கள், வந்து பேசு என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தாராம்.

வியாழக்கிழமை அவள் எலிசெயோ வீட்டுக்குப் போனபோது நானும் அங்கே இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுக்க அன்றைக்குத்தான் எனக்கு நேரம் வாய்த்தது.

எலிசெயோ அப்போதுதான் மேல்மடையைப் பார்த்துவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்ற முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஓர்லிண்டா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்ணைச் சுற்றிக் கரி பூசியது மாதிரி இருந்தது.

"இந்த ஒரு வருஷம் மட்டும் ஆள் வெச்சுக்கறேன் அண்ணே. ரெண்டு ஆளா வேணும்னாலும் அனுப்பறேன்."

"மூணாவது அத்தியாயம்..." என்று ஆரம்பித்தார் எலிசெயோ.

"எனக்குத் தெரியும். நான்தானே எழுதினேன்."

"நீ எழுதினே. நாங்க நம்பித் தொலைச்சுட்டோம். அதான் இப்பக் கஷ்டம்."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"போன வாரம் அந்தச் சான்டா ஃபே பல் டாக்டர் வந்தான்," என்றார் அவர். "வண்டியை விட்டு எறங்காமலே செக்கை நீட்டினான். உன் புஸ்தகத்தைக் காட்டித்தான் அனுப்பினேன். இப்ப உன்னை விட்டுட்டா அவன்கிட்ட எந்த மூஞ்சியோட தண்ணி கிடையாதுன்னு சொல்றது?"

"அம்மா பட்டாணி ஊனிட்டாங்க அண்ணே."

"தெரியும். உங்கம்மா எனக்குச் சித்தி."

"முதல் முறை தப்பினா ரெண்டாவது முறை எப்ப வரும்?"

எலிசெயோ ஒரு பூட்ஸைக் கழற்றினார். காலுறை பிழிந்தால் ஒரு கோப்பை தேறும். "மலையைப் பாத்தியா ஓர்லி? பனியே இல்லாம பாறை தெரியுது. ரெண்டாவது முறைன்னு ஒண்ணு வந்தா நானே வந்து உனக்குச் சொல்றேன்."

நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஃபெலிசித்தாவுக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் இந்த உலகத்தில் வேறு ஜோலி இல்லை. பட்டாணி, மிளகாய், ஓரமாக ஓர் ஆப்ரிகாட் மரம். புருஷன் போன பிறகு அவள் திட்டுவதற்கு மிச்சம் இருப்பதும் அதுதான். மறுநாள் பார்க்கப் போனேன். "தண்ணி வராட்டி என்ன தெல்ஃபினா, நான் மட்டும் எத்தனை நாளைக்கு," என்றாள், மகள் காதில் விழுகிற குரலில். அப்படிச் சொன்னவளின் ஜன்னல் விளிம்பில் கத்தரி நாற்றுக்குப் புதுத் தொட்டி இருந்தது.

"நீ போ ஓர்லி. உன் வேலையைப் பாரு. நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் பிறகு.

"நீ சொல்லாம இருக்கறதே காதைப் பிளக்குதும்மா," என்றாள் மகள், தலையைத் தூக்காமல். அவள் பேச வேண்டிய தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பும்போது வாசல் கேட்டில் ஒரு மண்வெட்டி சாய்த்திருந்தது. செத்துப்போனவருடையது. பக்கத்தில் ஃபெலிசித்தாவின் ரப்பர் பூட்ஸ். போகிற பெண்ணின் மனதைப் புண்ணாக்கத்தான் கிழவி இப்படி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ஓர்லிண்டாவின் கார் கிளம்பிற்று. நீலக் கோட்டும் பாவாடையும், வாரி முடிந்த தலை. மேல்மடையில் காபி கொதிக்கும் முன்பே நான் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டேன். செய்தியை ஆறவிட்டால் காபியைவிட மோசம்.

"போயிட்டாளா?" என்றான் ட்ரான்கிலினோ. "பாவம். வாய்க்காலைக் காப்பாத்தறதுன்னா சும்மாவா? ஊர் ஊராப் போய்ப் பேசணும்ல."

எலிசெயோ பெயர் வாசிக்க ஆரம்பித்தார். வழக்கமாகச் சீட்டைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பிப்பவர், அன்றைக்கு ஒவ்வொரு பெயரையும் ஞானஸ்நானம் கொடுப்பவர் மாதிரி வாசித்தார். ஃபெலிசித்தா வீடு வருவதற்கு முன்னால் இருமல் வந்தது. இருமல் முடிந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கலாயிற்று. அது துடைத்தானதும் இன்னும் கொஞ்சம் காபி கிடைக்குமா என்று கேட்டார். யாரோ கோப்பையை நிரப்பிக் கொடுத்தார்கள். பல் டாக்டரும் வந்திருந்தார், கடை விலைச்சீட்டு கிழிக்காத புது மண்வெட்டியோடு. அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

காபி தீர்ந்துபோனது. எலிசெயோ வேறு வழியில்லாமல் பெயரைச் சொன்னார். அப்போது சாலையில் புழுதி கிளம்பிற்று.

பாதி வழியில் எஸ்பன்யோலாவில் பெட்ரோல் போட நிறுத்தியவள், போட்டுவிட்டுத் திரும்பிவிட்டாளாம். ஏன் என்று நான் பிற்பாடு மூன்று விதமாகக் கேட்டேன், மூன்று தடவையும் பெட்ரோல் விலையைத்தான் சொன்னாள். நீலக் கோட்டோடு, அம்மாவின் பூட்ஸில் கால் நுழைத்து, அப்பாவின் மண்வெட்டியோடு கரையில் நடந்து வந்தாள். பூட்ஸ் ஒரு அளவு பெரியது. நடை வாத்து நடை.

"வந்துட்டேன்," என்றாள்.

"டாக்டர் வந்தாச்சு," என்றான் ட்ரான்கிலினோ. "வாய்க்காலுக்கு நாடி பாக்கச் சொல்லுங்கப்பா."

எலிசெயோ சிரிக்கவில்லை. கோலால் அவளுக்கும் ஒரு பங்கை அளந்து கோடு கிழித்தார். ஆளுக்கொரு பங்கு, எல்லாரும் முடித்ததும் அவர் குரல் கொடுப்பார், வரிசை மொத்தமும் முன்னால் நகரும். ஒருவர் முடிக்காவிட்டால் மற்ற எல்லாரும் மண்வெட்டியில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான். அன்று முழுக்க வரிசை நின்றது அவளுக்காக. அவள் பங்கில் வில்லோ மரத்து வேர் ஓடியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நாலு வெட்டு வெட்டியிருந்தால் போதும். யாரும் கை வைக்கவில்லை. அதுவும் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

"எந்தப் பக்கத்துல இருக்கே டாக்டர்?" என்றான் ட்ரான்கிலினோ.

"அடிக்குறிப்புல," என்றாள் மூச்சு வாங்க.

கோட்டுப் பைக்குள் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதியம் பீன்ஸ் பரிமாறும்போது தட்டை நீட்டினேன். கரையில் சாய்ந்தவாக்கில் தூங்கிப்போயிருந்தாள், உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து மேலே பார்த்தபடி. போன் அப்போதும் அடித்தது. எலிசெயோ அதை எடுத்துத் தன் தொப்பிக்குக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. ஃபெலிசித்தா நாற்காலியை மடைக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். எலிசெயோ பலகையைத் தூக்கினார். தண்ணீர் முதலில் சருகைத் தள்ளிக்கொண்டு, பிறகு நுரையோடு, பிறகு தானாகப் பட்டாணிப் பாத்திக்குள் போயிற்று.

"கலங்கலா இருக்கே," என்றாள் ஃபெலிசித்தா.

"பனியைக் கழுவியா அனுப்ப முடியும் சித்தி?"

ஓர்லிண்டா ஆப்ரிகாட் மரத்தடியில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

"வேலை என்னாச்சு ஓர்லி?"

"வேற ஒருத்தருக்குப் போச்சு அத்தை. எனக்குப் பழையபடி ஒரு வருஷக் கான்ட்ராக்ட்."

"விழா?"

"நல்லா நடந்துச்சாம். நான் இல்லாததால மூணாவது அத்தியாயத்தை யாரோ வாசிச்சாங்களாம். எழுந்து நின்னு கைதட்டினாங்களாம்."

நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபெலிசித்தா கோலை நீட்டி மிளகாய்ப் பாத்தியைத் திட்ட ஆரம்பித்திருந்தாள்.

"அடுத்த வருஷமும் வருவியா?"

"வந்துதானே ஆகணும்," என்றாள். "எழுதித் தொலைச்சுட்டேனே."

அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்தால் என் பெயரைப் போடச் சொல்ல இதுதான் சமயம் என்று தோன்றிற்று. தெல்ஃபினாவுக்கு எந்த எழுத்து என்பதையும் சேர்த்தே சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். மரத்தில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தாள். தண்ணீர் பூட்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. எழுப்ப எனக்கும் தெம்பில்லை.