கோட்டின் மேல் ஒரு கால்

அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவளை எல்லாரும் கோச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தனிக்கட்டை. பந்தைக் கூடையில் போடக் கற்றுக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிராளியைப் போடவிடாமல் தடுக்கக் கற்றுக்கொடுப்பதில்தான் இவளுக்குப் பேர். கைக்கு முன்னால் வாய் வேலை செய்ய வேண்டும் என்பாள். பின்னால் நிற்கிறவளுக்குத் தெரிவது முன்னால் நிற்கிறவளுக்குத் தெரியாதில்லையா, கண்ணுகளா? அதனால் தடுக்கும்போது ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று சொற்கள் வைத்திருந்தாள். எதிர் அணிக்குப் புரியாத சொற்கள்.

எல்லாம் அடுக்களைச் சாமான்கள். ‘சல்லடை’ என்றால் எல்லாரும் கூடைக்குக் கீழே நெருங்கி நிற்க வேண்டும். ‘கரண்டி’ என்றால் பந்தைக் கீழிருந்து தட்ட வேண்டும். ‘மூடி’ என்றால், எதிராளி ஓரமாகப் புகுந்து கூடைக்கு ஓடும் வழியை அடைக்க வேண்டும். மைதானம் முடிகிற வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒரு காலை ஊன்றிக் கையை விரித்துவிட்டால் போதும், வருகிறவளுக்கு நுழைய இடமிருக்காது.

இந்தச் சொற்களை அவள் மட்டும் வைக்கவில்லை. அணியில் ஆடிய பம்பரமும் சேர்ந்து வைத்தாள். நின்ற இடத்தில் சுழன்று ஆளை ஏய்ப்பதால் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பேர். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பிட்ட மேசையிலேயே டம்ளர்களை ஆட்களாக நிறுத்தி, இருவரும் தடுப்பு வியூகம் போடுவார்கள். கையில் எது கிடைக்கிறதோ அதுதான் பேர்.

ஆண்டு முடிந்ததும் பம்பரம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். அங்கே முழுச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்களாம். போனதில் தப்பில்லை. ஆனால் போகிறேன் என்று இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடுதிக் காவலாளி சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சக்கா அடுப்பின் பக்கத்திலேயே நின்றபடி சாப்பிட்டு முடித்தாள். மேசையில் துவைத்த துணிகள் மடிக்காமல் கிடந்தன.

இந்த ஆண்டு அரையிறுதியில் பம்பரத்தின் கல்லூரியோடுதான் ஆட்டம் விழுந்தது. பி.டி. சார், அதாவது உடற்கல்வித் துறைத் தலைவர், மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். இறுதி ஆட்டத்துக்குப் போகாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு கோச். முதல்வர் முடிவு செய்துவிட்டார். இந்த வேலையை விட்டால் அவளுக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லை.

பம்பரத்துக்கு எல்லாச் சொல்லும் அத்துப்படி. ஆகவே சொற்களை மாற்றியாக வேண்டும். சல்லடை சீப்பானது, கரண்டி செருப்பானது, மூடி பல்லியானது.

“அக்கா, பல்லின்னு கத்தினா நம்ம பொண்ணுங்களே கோர்ட்டை விட்டு ஓடிடுவாளுங்க” என்றாள் அணியிலேயே உயரமானவள். அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர்.

“உனக்கென்னடி பயம்? பல்லியே உன்னைச் செவுருன்னு நெனச்சு ஏறும்” என்றாள் இன்னொருத்தி.

பெண்கள் சிரித்தார்கள். கோச்சக்காவும் சிரித்து வைத்தாள்.

ஆட்ட நாளன்று பம்பரம் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் ஆடினாள். இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை பந்தோடு மூலைக்கு வந்தாள். பழக்க தோஷத்தில் ஒட்டடைக்குச்சி “மூடி!” என்று கத்திவிட்டாள். அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பந்து கையில் இருக்கும்போதே பம்பரத்தின் இடது கால் தானாகப் போய் வெள்ளைக் கோட்டின் மேல் ஊன்றியது. தடுக்கிறவள் கோட்டை மிதிக்கலாம். பந்து வைத்திருப்பவள் மிதித்தால் பந்து எதிர் அணிக்கு. விசில் ஊதியது. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். பம்பரம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அன்றைக்கு முதன்முறையாக, கோச்சக்காவைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட குழந்தையைப்போல அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோச்சக்காவுக்கும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் அவளுக்கு வேலை ஞாபகமே இல்லை.

கடைசி டைம் அவுட்டில் இவர்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். பந்து அவர்களுடையது. பி.டி. சார் அவள் காதருகே வந்தார்.

“அந்தப் பழைய வார்த்தையையே கத்தச் சொல்லும்மா. அந்தப் பொண்ணு காலு மறுபடி போகும்.”

அவள் அணியின் பக்கம் திரும்பினாள். புதிய சொற்களையே பெண்களுக்கு நினைவுபடுத்தி அனுப்பினாள்.

பந்து பம்பரத்திடம்தான் வந்தது. ஒரு சுழற்று. ஒட்டடைக்குச்சி ஏமாந்து பின்னால் போய்விட்டாள். ஓரத்து வழி திறந்து கிடந்தது. கூடைக்குக் கீழே ஆளில்லை. வாய் தவறி வந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கோச்சக்கா எழுந்து நின்று, யோசித்துத்தான் கத்தினாள்.

“மூடி!”

ஒட்டடைக்குச்சியின் குரலுக்கே போன கால், இந்தக் குரலுக்குப் போகாமல் இருக்குமா? கோட்டை மிதித்தது. விசில் ஊதியது. மிச்சமிருந்த நொடிகளை இவர்கள் பந்தைக் கைமாற்றியே ஓட்டிவிட்டார்கள். பி.டி. சார் அவள் முதுகில் தட்டி, அடுத்த ஆண்டைப் பற்றி இனிக் கவலையில்லை என்றார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் வந்து கை கொடுப்பது வழக்கம். பம்பரமும் வந்தாள். கை சில்லென்று இருந்தது.

“அவ கத்தினது பழக்கத்துலக்கா. நீங்க தெரிஞ்சே கத்தினீங்க.”

கோச்சக்கா அவள் முட்டியைப் பார்த்தாள். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. “முட்டி வீங்கியிருக்கே, ஐஸ் வையி” என்பதுதான் வாயில் வந்தது.

“அங்க வெப்பாங்க, மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் அடுத்து நின்ற பி.டி. சாருக்குக் கை நீட்டினாள்.

திரும்பும்போது பேருந்தில் ஒரே பாட்டும் கூத்தும். கோச்சக்கா ஓட்டுநருக்குப் பின்னால், முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டீர்களாமே என்று ஓட்டுநர் விசாரித்தார். “ஆமாங்க” என்றாள். பின்னாலிருந்து ஒட்டடைக்குச்சி எட்டிப் பார்த்து, இறுதி ஆட்டத்துக்குப் பழைய சொற்களா, புதிய சொற்களா என்று கேட்டாள்.

“புதுசு” என்றாள் கோச்சக்கா. “பழசையெல்லாம் இனிமே யாரும் சொல்லவேண்டாம்.”