இந்த வாரம் யார் முறை

1

இந்தக் கதை ஒரு சண்டை நின்றுபோனதால் தொடங்கியது. சண்டை நடந்துகொண்டிருந்தவரை எனக்கு எழுதத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருப்பதே போதுமாக இருந்தது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'ஸ்காட்லாந்து பிரிட்டனோடு சேர்ந்திருக்க வேண்டுமா, பிரிந்துபோக வேண்டுமா என்ற கேள்வி தொற்றுக் காலத்தில் மறுபடியும்—'

கட்டுரை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: 'ஸ்காட்லாந்தில், டண்டீ நகரில் ஒரு பழைய கல் கட்டடம். இரண்டாம் மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். இரண்டிலும் தனியாக ஒருத்தி.' இதில் பொய் எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு போகிறேன்.

(மூன்றாம் மாடியிலும் தனியாக ஒருத்தி இருக்கிறாள். அவளைச் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

2

இடது கதவு எஃபியுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். நுரையீரல் சரியில்லை. தொற்று வந்ததும், வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். நாடு பிரியக் கூடாது என்பவர்.

வலது கதவு மோய்ராவுடையது. நகரப் பேருந்து ஓட்டுகிறார். நாடு பிரிய வேண்டும் என்பவர். அவருக்கு முதலில் ரோனா என்று பெயர் வைத்தேன். இந்த ஊரில் அது சாதாரணப் பெயர்தான். தமிழில் எழுதிப் பார்த்ததும் மாற்றிவிட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இருவரில் ஒருவரை ஆணாக்கிப் பார்த்தேன். உடனே அது காதல் கதையாகத் திரும்பியது. மறுபடி பெண்ணாக்கினேன்.

இரண்டு கதவுக்கும் இடையில் ஒரு அட்டை உண்டு. சதுரமான தடித்த அட்டை, மேலே ஒரு கயிறு. 'இந்த வாரம் படி கழுவுவது உங்கள் முறை' என்று எழுதியிருக்கும். கழுவி முடித்தவர் அதை அடுத்த கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். தட்ட வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. எஃபி கழுவினால் படியில் வினிகர் வாசனை இருக்கும். மோய்ரா கழுவினால் பைன் எண்ணெய்.

அந்த அட்டை மேல்மாடிக்கு வராது. மேலே வாடகைக்காரர்கள். வருவார்கள், போவார்கள். நான் வந்து நான்கு வருடமாகிறது.

3

சண்டை எப்படித் தொடங்கியது என்பதற்கு இரண்டு வடிவங்கள் கைவசம் உள்ளன. சம்பவம் ஒன்றுதான். ஆறு வருடத்துக்கு முன் பிரிவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பிரிய வேண்டாம் என்ற பக்கம் வென்றது. முடிவு வந்த காலை எஃபி அட்டையை மோய்ராவின் கதவில் மாட்டி, "அழுதது போதும்டி. இந்த வாரம் உன் முறை" என்றார்.

எஃபியின் வடிவம்: "தேத்தறதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். எல்லாம் பழையபடிதான், படிதான், வாளிதான்னு. வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?"

மோய்ராவின் வடிவம்: "ராத்திரி பூரா தூங்கல கோழி. கண்ணு வீங்கி நிக்கறேன். தோத்தவதான் தரை துடைக்கணும்னு சொல்லாம சொல்லிட்டுப் போறா."

(கோழி என்பது நான்தான். இந்த ஊரில் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'கண்ணு' என்று மாற்றிப் பார்த்தேன். என்னை இங்கே யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. கோழியே இருக்கட்டும்.)

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அட்டை மட்டும் வாரந்தோறும் போய் வந்தது.

4

தொற்றுதான் அவர்களைப் பேச வைத்தது.

வியாழக்கிழமை மாலைகளில் தெருவே ஜன்னலில் நின்று, மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்காகக் கை தட்டும். எஃபியின் ஜன்னலும் மோய்ராவின் ஜன்னலும் தெருவைப் பார்த்துப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மே மாதம் எஃபி தன் ஜன்னலில் பிரிட்டன் கொடியைக் கட்டினார். அடுத்த வியாழன் மோய்ராவின் ஜன்னலில் நீலத்தில் வெள்ளைக் குறுக்குப் போட்ட ஸ்காட்லாந்துக் கொடி. கைதட்டல் அடங்கியதும் எஃபி தலையை நீட்டினார்.

"தனியாப் போயிருந்தா, வீட்ல உக்காந்திருக்கற சனத்துக்கு லண்டன் குடுக்கற எம்பது சதவீதச் சம்பளம் யாரு குடுத்திருப்பா? நீ டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருப்பியா?"

"தனியாப் போயிருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே எல்லாத்தையும் சாத்தியிருப்போம். உன் லண்டன்காரங்க குதிரை ரேஸ் பாத்துக்கிட்டிருந்தாங்க."

"எடின்பரோல, நம்ம சர்க்கார்ல மட்டும் என்ன, தேவதூதர்களா உக்காந்திருக்காங்க?"

"இல்லதான். ஆனா அவங்களத் திட்டணும்னா பஸ் ஏறிப் போய்த் திட்டிட்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

"உன் பஸ்ஸு என்னிக்கு நேரத்துக்குப் போயிருக்கு?"

தெரு சிரித்தது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாணலியைத் தட்டினார். பிறகு தெருவும் இரண்டு கட்சியானது. ஒரு வீட்டில் பிரிட்டன் கொடி, அடுத்த வீட்டில் மற்றது. சில வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன்.

மே கடைசியில் கைதட்டல் நிறுத்தப்பட்டது. அடுத்த வியாழன் யாரும் தட்டவில்லை. ஆனால் அதே நேரத்துக்கு இரண்டு ஜன்னலும் திறந்தன. எஃபி உதட்டுச் சாயம் பூசியிருந்தார்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். சண்டைக்கும் துணைக்கும் உள்ள உறவு பற்றியது. உதட்டுச் சாயம் போதும்.]

5

கோடையில் ஒரு விதி வந்தது. தனியாக வசிப்பவர் வேறு ஒரே ஒரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம். உள்ளே போகலாம், ஒன்றாகச் சாப்பிடலாம், தொடலாம். ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு மாற்றக் கூடாது.

எஃபியின் மகன் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், கார்லைலில் இருக்கிறான். அவன் வீடு ஏற்கெனவே அவன் மாமியாரோடு சேர்ந்துவிட்டது. அந்த அம்மாளும் தனியாள். தப்புச் சொல்ல முடியாது.

இதைக் கதவுக்கு உள்ளிருந்துதான் எஃபி சொன்னார். நான் கடைச் சாமான்களை வாசலில் வைத்துவிட்டுப் படியில் நிற்பேன். அவர் கதவைத் திறக்காமல் பேசுவார்.

"மேல் வீட்டுக் கோழியா? முட்டை உடையாம வந்துச்சா?"

"வந்துச்சு."

"மார்ச்சிலேர்ந்து என்னை யாரும் தொடல. நான் தொட்டதெல்லாம் முட்டையும் உருளைக்கிழங்கும்தான். ஒருநாள் கோட்டுக்கு உள்ள கைய விட்டுப் பாத்தேன். அது மவனோட கோட்டு."

எதிர்க் கதவைப் பற்றிக் கேட்டேன். எனக்கு அந்த அளவு தைரியம் வருவது அரிது.

"சேந்திருக்கலாம்னு நான் எத்தன தரம் கேக்கறது? ஒரு தரம் நாடே சேந்து கேட்டாச்சு. இப்ப அவ கேக்கட்டும்."

அதிகாலைப் பேருந்தில் மோய்ராவிடமும் கேட்டேன். நான் வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்துக்கு அவருடைய வண்டியில்தான் போகிறேன். அந்த நேரத்தில் பல நாள் நான் மட்டுமே பயணி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, சாலையைப் பார்த்தபடியே பேசுவார்.

"நானா போயிக் கேக்கறதா? அடுத்த வியாழன் ஜன்னல்ல நின்னு, சேந்திருக்கறதுதான் நல்லதுன்னு மோய்ராவே ஒத்துக்கிட்டான்னு தெருவுக்கே சொல்லுவா."

இரண்டு நிறுத்தம் தாண்டினோம். யாரும் ஏறவில்லை.

"அதுவும் இல்ல கோழி. நாள் பூரா ஊரே என் முதுகுக்குப் பின்னாடி இருமுது. அத நான் அவ வீட்டுக்குள்ள கொண்டு போகவா?"

உண்மையான காரணம் இதுதான் என்று நினைத்தேன். கதையில் இதை எஃபிக்குத் தெரியப்படுத்த வேண்டும். மறுநாள் சொன்னேன்.

"நல்ல சாக்கு," என்றார் எஃபி.

(அப்போது நான் சொல்லத் தொடங்கிய வாக்கியம்: "நான் மேலதான் இருக்கேன், நீங்க வேணும்னா—" அதை முடிக்கவில்லை. இங்கேயும் முடிக்காமல் விடுகிறேன்.)

6

நவம்பரில், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தேவையில்லாமல் போய்வரக் கூடாது என்று சட்டம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மகன் வந்து வாசலிலாவது நிற்பான் என்று எஃபி நம்பிக்கொண்டிருந்தார். அந்த வியாழன் குளிர். இருந்தும் ஜன்னலைத் திறந்தார்.

"வாழ்த்துக்கள் மோய்ரா. நீ ஆசப்பட்ட எல்லை வந்துடுச்சு. என் மவன் தாண்டக் கூடாதாம்."

தெரு காத்திருந்தது. மோய்ராவுக்குப் பதில் இல்லாமல் இருந்ததில்லை. அவர் எஃபியைப் பார்த்தார். பிறகு ஜன்னலை மெதுவாகச் சாத்தினார்.

அதன்பின் வியாழக்கிழமைகளில் அந்த ஜன்னல் திறக்கவில்லை. கொடியையும் எடுத்துவிட்டார்.

பேருந்தில் கேட்டபோது சொன்னார்: "நான் கேட்ட எல்லை வேற. அதுல சனம் போகும், வரும். அதச் சொல்லி அன்னிக்கே மடக்கியிருப்பேன். மவன் வர முடியாதவகிட்ட நின்னு என்ன வாதாடறது? விட்டுட்டேன்."

எஃபியிடம் போய், மோய்ராவுக்குக் கோபமில்லை என்றேன்.

"கோவம் இல்லன்னா எதுக்கு வாய மூடினா? கோவம் இருந்தா பேசுவாளே." பிறகு, "ஒரு வாரம் முழுக்க யோசிச்சு வச்சிருந்தேன், அவ இத சொன்னா நான் அத சொல்லலாம்னு. எல்லாம் அப்படியே கெடக்கு" என்றார்.

ஒரு குறிப்பு. பரிசோதனைக்கூடத்தில் சளி மாதிரிக் குழாய்கள் அடுக்கிய ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழாயில் வெறும் நீர் மட்டும் இருக்கும். அதில் எதுவும் தென்படக் கூடாது. தென்பட்டால் மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது. தட்டை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தக் குழாயில் யார் பெயரும் ஒட்டியிருக்காது. இது கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். திரும்பச் சேர்த்துவிட்டேன்.

7

கிறிஸ்துமஸுக்கு யாரும் வரவில்லை. அதன் பிறகு ஊர் மறுபடி அடைக்கப்பட்டது. மோய்ராவின் தடத்தில் வண்டிகளைக் குறைத்தார்கள். அவர் வீட்டிலேயே இருந்தார். நான் நடந்து வேலைக்குப் போனேன்.

எஃபி வெளியே வரக் கூடாது என்று ஆனதிலிருந்து அட்டை மோய்ராவின் கைப்பிடியிலேயே தொங்கியது. எல்லா வாரமும் அவரே கழுவினார், எல்லா வாரமும் பைன் வாசனை. ஜனவரியில் ஒரு மாலை வேலை முடிந்து வரும்போது அட்டை எஃபியின் கதவில் தொங்கியது.

நான் தொடவில்லை. மேலே போய்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து, கதைக்கு முடிவுகளை எழுதத் தொடங்கினேன்.

முதல் முடிவு. மோய்ரா பழைய கணக்கைத் தீர்க்கிறார். மூச்சு விட முடியாதவளின் கதவில் 'உன் முறை' என்று மாட்டுகிறார். எஃபி அட்டையைப் பார்க்கிறார். கதவைச் சாத்துகிறார். இது நடக்கக்கூடியது. ஆறு வருடம் சிறிய காலமில்லை.

இரண்டாவது முடிவு. எஃபி கதவைத் திறந்து கத்துகிறார்.

"யாருடி இத இங்க மாட்டினது?"

"உன் முறை."

"நான் செத்துக்கிட்டிருக்கறது தெரியாதா உனக்கு?"

"பத்து நாளா நான் ஒரு மனுசன் மூஞ்சியக் கூடப் பாக்கல. என்கிட்ட ஒண்ணும் ஒட்டியிருக்காது. வாளிய நான் தூக்கறேன். நீ மாப்ப மட்டும் பிடி."

"எனக்கு வேல சொல்ல நீ யாரு? லண்டனா?"

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அதனாலேயே நம்பவில்லை. எனக்கு வேண்டியதை எழுதினால் அவர்கள் இருவரும் என் குரலில் பேசத் தொடங்குகிறார்கள்.

மூன்றாவது முடிவு. எஃபி கதவையே திறக்கவில்லை. அட்டை அங்கேயே—

இதை எழுத முடியவில்லை.

8

நிஜத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்று கீழே ஒரு கதவு திறந்தது. எது என்று ஒலியை வைத்துச் சொல்ல முடியவில்லை. குழாயில் வாளி நிறையும் சத்தம் கேட்டது. பேச்சும் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அது இரண்டு குரலா, ஒரு குரலும் ஒரு வானொலியுமா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். என் வாசலிலிருந்து கீழ்வரை படி ஈரமாக இருந்தது. மேல்மாடிப் படியை அவர்கள் கழுவுவதே இல்லை. பைன் வாசனை வந்தது. அதற்கடியில் வினிகர் வாசனையும் வந்தது, அல்லது வர வேண்டும் என்று நான் நினைத்தேன். மூக்கு நல்ல கருவி இல்லை.

என் கைப்பிடியில் அட்டை தொங்கியது.

இதற்கும் விளக்கங்கள் உண்டு. மறுபடி சண்டை வந்து, இரண்டு பேருமே வேண்டாமென்று மேலே தள்ளிவிட்டிருக்கலாம். அல்லது ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, "மேல ஒண்ணு இருக்கே, அந்தக் கோழியயும் சேத்துக்கலாமா" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் அதை எதிர்த்து, வெகுநேரம் வாதாடியிருக்கலாம். இரண்டில் எது என்று நீங்கள் சொல்லுங்கள். சண்டை நின்றுபோனதால் நான் எழுத வந்தவள். என் தீர்ப்பு நடுநிலையாக இருக்காது.

என்னிடம் வாளி இல்லை. பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியைக் கழுவி அதில் வெந்நீர் பிடித்திருக்கிறேன். மேல் படியிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டாம் மாடிக்கு வரும்போது இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பேன்.

துடைத்து முடித்ததும் அட்டையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். எந்தக் கதவு என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு கதவைத் தட்டிக் கேட்டாக வேண்டும்.

பேனாவை வைக்கிறேன். நீர் ஆறிவிடும்.