செலோராவுக்காகப் பாடியவள்

நாற்பத்தாறு ஷாட்டுகள். மூன்று நிமிடப் பாட்டை நாற்பத்தாறு துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் எந்தக் கமரா யாரைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். வியாழக்கிழமை லண்டன் அரங்கில் ஒத்திகை தொடங்குவதற்கு முன் எல்லோர் கையிலும் ஒரு பிரதி வந்தது. சிவரூபினி அதில் தன் பெயரைத் தேடினாள்.

முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில், முப்பத்தெட்டாவது வரியில் இருந்தது. பின்னணிப் பாடகி, இடது மூலை, தூரத்துக் காட்சி, மூன்று விநாடி. மற்ற வரிகளில் எல்லாம் செலோராப் பாடகி மிரேயா. மிரேயா நடக்கிறாள், மிரேயா திரும்புகிறாள், மிரேயாவின் முகம் நெருக்கத்தில்.

தவறாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பாட்டு ஓடத் தொடங்கியதும் அந்த நினைப்பும் போனது. அவளுக்கென்று தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்த இடம், மேடையின் விளிம்பிலிருந்து பன்னிரண்டு அடி பின்னால். பல்லவி வந்தது. அவள் வாய் திறப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் வந்தது. ஜனவரியில் லண்டன் ஹெய்ஸில் ஒரு ஸ்டூடியோவில் பதிந்த அதே குரல், அதே தமிழ். பெரிய திரையில் மிரேயா அந்தத் தமிழுக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். சிவரூபினி தன் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

செலோரா என்ற தீவை உலக வரைபடத்தில் தேடக் கண்ணாடி வேண்டும். சனத்தொகை நாற்பதாயிரம். ஐரோப்பிய நாடுகளின் பாடல் போட்டியில் பதினொரு வருடமாகப் பங்கெடுத்து, பதினொரு வருடமும் கடைசி மூன்று இடங்களுக்குள் நின்ற நாடு. பாட்டு மோசம் என்பதால் அல்ல. யாரும் தங்கள் சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது என்பது விதி. ஆகவே மற்ற நாடுகளில் குடியிருக்கும் சொந்தச் சனம்தான் ஒரு நாட்டைத் தூக்கிவிடும். பெரிய நாடுகளின் ஆட்கள் எங்கும் இருந்தார்கள். செலோராக்காரர் செலோராவில் மட்டும் இருந்தார்கள்.

அவர்களுக்கு வழி காட்டியவர் கணேஸ்வரன். சிவரூபினியின் பெரியம்மா மகன். லண்டனில் தமிழ்க் கல்யாணங்களுக்கு வாசிக்கும் இசைக்குழு ஒன்றின் சொந்தக்காரர். லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று தமிழர் இருக்கும் நகரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ச் செலோராத் தொலைக்காட்சியிடம் காட்டினார். ஒரு தமிழ்ப் பல்லவி, ஒரு தமிழ்ப் பாடகி. அத்தனை நகரத்து வாக்கும் உங்களுக்கு. அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சரணங்களைச் செலோரா மொழியில் மிரேயா பாடுவாள், பல்லவியைச் சிவரூபினி பாடுவாள், இருவரும் மேடையின் முன்னால் சேர்ந்து நிற்பார்கள். பேச்சு அதுதான்.

சிவரூபினிக்கு முப்பத்துமூன்று வயது. இல்ஃபோர்டில் வீடு, கவுன்சிலில் வேலை. பன்னிரண்டு வருடமாக அண்ணையின் குழுவில் அடுத்தவர்கள் பாடிய பாட்டுகளை, சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாடியவள். தனக்கென்று மெட்டமைத்த ஒரு பாட்டை, தன்னைப் பார்க்கவென்று உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு முன்னால் நின்று பாட வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். அதற்காகத்தான் சனிக்கிழமை தவறாமல் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் போய், "நான் பாடப் போறன், வோட் போடுங்கோ" என்று கும்பிட்டாள்.

ஒத்திகை முடிந்ததும் செலோராக் குழுவின் தலைவி ஒடெட்டிடம் நேரே போனாள். ஒடெட் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். உங்கள் அண்ணன் விளக்கவில்லையா என்று கேட்டு, கையிலிருந்த டாப்லட்டில் ஒப்பந்தத்தின் பதினாறாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பணி: பதிவுக் குரலும் தமிழ்ச் சமூகத் தொடர்பும். கடைசிப் பக்கத்தில் சிவரூபினியின் கையெழுத்து.

பெப்ரவரியில், வெம்பிளியில் ஒரு கல்யாண வரவேற்பில் வைத்த கையெழுத்து. இரண்டு பாட்டுக்கு நடுவில் கணேஸ்வரன் கீபோர்ட்டின் மேல் ஒரு கட்டுக் கடதாசியை வைத்து, "வழமையான கடதாசிதான், கடைசிப் பக்கத்தில வை" என்றார். அவள் வைத்தாள். அவளும் அம்மாவும் லண்டனுக்கு வந்து இறங்கிய முதல் வருடம் பெரியம்மா வீட்டில்தான் இருந்தார்கள். விசாத் தாள், வீட்டுக் கடன் தாள், எதுவானாலும் அண்ணை விரல் வைத்த இடத்தில் கையெழுத்து வைத்துப் பழக்கம். வாசித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது போல.

கணேஸ்வரன் அரங்கின் பின்பக்க நடையில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மெதுவாக் கதை. இவைக்குத் தமிழ் விளங்காட்டியும் முகம் விளங்கும்."

"எப்ப தெரியும் எண்டு கேட்டனான்."

"பெப்ரவரி." கோப்பியை ஊதினார். "அவையின்ர ஊர்ப் பேப்பரில எழுதிப் போட்டாங்கள், நாட்டுக்காகப் பாடுறது நாட்டுப் பிள்ளையா இருக்கோணும் எண்டு. பாட்டையே தூக்கி எறியப் பாத்தவை. நான் கத்திக் குளறிப் பல்லவியையாவது காப்பாத்தினன். அதுக்கு நீ நன்றி சொல்லோணும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ மோர்டன் சங்கத்துக்குப் போயிருப்பியே? வெஸ்ட் ஈலிங் கோயில் வாசலில நோட்டீஸ் குடுத்திருப்பியே?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, கணக்கு விளங்காத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"பெப்ரவரிக்குப் பிறகு பதினேழு சங்கத்துக்குப் போனனான், அண்ணை. பதினேழு இடத்திலயும் நான் பொய் சொல்லியிருக்கிறன். நீங்கள் பக்கத்தில நிண்டு கீபோர்ட் வாசிச்சனீங்கள்."

"வாசிச்சனான்தானே? சும்மாவே நிண்டனான்?"

"உங்களுக்கு என்ன தந்தவை?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் கண்ணைத் திருப்பினார். "அடுத்த மூண்டு வருஷமும் செலோராவுக்கு நான்தான் மியூசிக். நல்லா வந்தா உன்னையும் ஒருநாள்..."

அவள் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைக் கழற்றி அவருடைய சட்டைப் பையில் செருகினாள்.

"போறியோ? போ. ஆனா பாட்டு நிக்காது, பிள்ளை. உன்ர குரல் கம்பியூட்டரில கிடக்கு. மிரேயாவும் மைக்கைத் திறந்து வைச்சுக்கொண்டு கூடப் பாடுவாள். மேடையில ஒரு ஆளாவது நேரடியாப் பாடோணும் எண்ட விதிக்கு அது காணும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கான்ர பிள்ளையோ இப்பிடிச் செய்தவன்?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு தேநீர் போடப் போய்விட்டாள்.

சிவரூபினி சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். ஒரு நிமிடம்தான். "சனிக்கிழமை பல்லவிக்கு வாய் அசைக்கப் போறது நானில்லை. பெப்ரவரியிலயே மாத்திப்போட்டினம். எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். என்னை நம்பி வோட் போடுறன் எண்டு சொன்ன ஆக்கள் தயவுசெய்து போடாதேங்கோ."

அரைமணி நேரத்தில் அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் வந்து குவிந்தன. மோர்டன் சங்கத்துச் செயலாளர் குகதாசன் போனே எடுத்தார்.

"பிள்ளை, கேட்டன். நெஞ்சு கொதிக்குது. கணேஸ் வரட்டும், நேர கேக்கிறன்."

"அப்ப வோட் போட மாட்டீங்கள்தானே?"



"அது பாருங்கோ, ஹோல் புக் பண்ணியாச்சு. பெரிய ஸ்கிரீனும் சொல்லியாச்சு. சனம் போட்டுக்கொண்டு வர முந்நூறு ரீசேர்ட்டும் அடிச்சாச்சு."

"ரீசேர்ட்டில என்ர முகமெல்லோ இருக்கு?"

"அதைத்தானே சொல்லுறன். இனி என்னண்டு மாத்துறது?" தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அத்தனை நாட்டுச் சனமும் பாக்கேக்க தமிழ் கேக்கப் போகுது. அதுக்குப் போடாதேங்கோ எண்டு நான் எந்த வாயால சொல்லுறது? நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

சனிக்கிழமை அவளும் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். டிவியைப் போட வேண்டாம் என்று சிவரூபினி சொல்லவில்லை. பதினான்காவதாகச் செலோரா வந்தது. நீல வெளிச்சத்தில் மிரேயா நடந்து வந்தாள். இடது மூலையில் யாரோ ஒரு பெண் நின்றாள். சிவரூபினியின் உயரத்துக்கு இன்னொருத்தியைப் பிடித்திருந்தார்கள். பல்லவி வந்தபோது தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று சிவரூபினிக்கே தெரியவில்லை. அரங்கு எழுந்து நின்றது. அவள் தலையணையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வாக்களிப்புத் திறந்த நேரம் அம்மாவைக் காணவில்லை. குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"அரிசி கழுவுறன்."

அரிசி அங்கே இல்லை. குழாய் சும்மா ஓடியது. கலாவதியின் கையில் போன் இருந்தது. உங்கள் பதினேழாவது வாக்குக்கு நன்றி என்றது திரை. ஒரு போனுக்கு இருபது வாக்குப் போடலாம்.

"உன்ர குரலுக்குத்தான் போட்டனான், பிள்ளை. கேக்கக் கேக்க, கை நிக்கேல்லை."

"என்ர குரலுக்கு வோட் இல்லை அம்மா. செலோராவுக்குத்தான் இருக்கு."

கலாவதி குழாயைப் பூட்டினாள். மிச்சம் மூன்றையும் போட்டாளா இல்லையா என்று சிவரூபினி கேட்கவில்லை.

செலோரா நான்காவது இடம். பிரிட்டன், பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, டென்மார்க், ஐந்து நாட்டு மக்களின் முழுப் புள்ளியும் செலோராவுக்கு. அந்தத் தீவில் தேவாலய மணியெல்லாம் அடித்தார்களாம்.

மறுநாள் காலை குகதாசன் திரும்பவும் எடுத்தார். மத்தியானம் மோர்டன் மண்டபத்தில் ஒரு சின்ன நிகழ்வு, கட்டாயம் வாங்கோ, நீங்களும் இரண்டு வார்த்தை கதைக்கலாம் என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் சிவரூபினி போனாள். குரல் பதிவைப் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள், முழுதும் தெரிந்தால் எந்தச் சபையும் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்காது என்று ரயிலில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. வரிசை வரிசையாக ரீசேர்ட்டுகளில் அவளுடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மேடையில் நடு நாற்காலியில் கணேஸ்வரன்.

குகதாசன் மைக்கைப் பிடித்தார். "உலக அரங்கில எங்கட தமிழை ஒலிக்கச் செய்த இசையமைப்பாளருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப் போறம். இதை வேற ஆர் செய்யிறது? தங்கச்சியே வந்து போர்த்தட்டும்!"

கைதட்டல். யாரோ அவளைத் தோளில் மெதுவாகத் தள்ளினார்கள். அவள் மேடையேறி மைக்குக்குக் கை நீட்டினாள். குகதாசன் அந்தக் கையில் பொன்னாடைத் தட்டத்தை வைத்தார். "முதல்ல பொன்னாடை, பிள்ளை. பேச்சுப் பிறகு."

கணேஸ்வரன் எழுந்து, கழுத்தைத் தாழ்த்தி நின்றார். அவள் பொன்னாடையை விரித்துப் பிடித்தாள்.

"அண்ணை, பெப்ரவரியில என்ன நடந்தது எண்டு இந்தச் சனத்துக்கு உங்கட வாயால சொல்லுங்கோ. சொன்ன உடன போர்த்திவிடுறன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார். "சனத்துக்குத் தெரியும், பிள்ளை. நீதானே வொய்ஸ் மெசேஜ் போட்டனி? எல்லாரும் கேட்டவை."

சிவரூபினி திரும்பிச் சபையைப் பார்த்தாள். மோர்டன் ஆட்கள், இல்ஃபோர்ட் ஆட்கள், பழைய மாணவர் சங்கத்து ஆட்கள். நடந்தது தெரியாதவர் போல ஒருவர்கூட இல்லை. கண்ணில் பட்டவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள், தாழ்த்திக்கொண்டே தட்டினார்கள்.

அவள் பொன்னாடையைத் தட்டத்தில் திரும்ப வைத்தாள். கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேய்ந்தது.

"பிள்ளை ராத்திரி நித்திரை இல்லாமக் களைச்சுப் போச்சு" என்றார் குகதாசன் மைக்கில்.

கலாவதி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறி வந்தாள். மகளின் காதருகில், "முதல் வருஷம் அவையின்ர வீட்டிலதானே கிடந்தனாங்கள். சபைக்கு நடுவில அவனை இப்பிடி விட ஏலாது" என்றாள். பொன்னாடையை எடுத்துக் கணேஸ்வரனுக்குப் போர்த்தி, தோளில் மடிப்பை நேராக்கிவிட்டாள். மண்டபம் அதிர்ந்தது.

சிவரூபினி பக்கப் படியால் இறங்கினாள். யாரும் மறிக்கவில்லை. பின்னால் சாப்பாட்டு மேசைகளுக்கு ஏற்கெனவே ஆட்கள் வரிசை கட்டியிருந்தார்கள். "சாப்பிட்டிட்டுப் போங்கோ பிள்ளை" என்றார்கள் மூன்று பேர். மூன்று பேரும் உண்மையான அன்போடுதான் சொன்னார்கள். ஒருவர் தட்டையே எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.