கட்டிலோரம் நின்ற மைக்

இருமல் வந்தால் வாயைப் பொத்தச் சொல்லி, பூங்காவனத்தின் கையில் துண்டைத் திணித்துவிட்டு ஐயாசாமி வெளியே ஓடினான். கட்டிலில் கிடந்தவர் அவன் மாமனார், அவளுடைய அப்பா முனிசாமி. தலைமாட்டில் இரும்புக் கம்பியில் மைக் நின்றது.

நோயாளி அறையில் மைக் வைக்க யாருக்கும் ஆசையில்லை. தலைநகர் போர்ட் லூயியிலிருந்து ரிக்கார்டு எடுக்கும் இயந்திரத்தோடு ட்ரியோலே கிராமத்துக்கு வந்திருந்த க்ளோட், ஐயாசாமியின் பெரிய டிரம்மோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மைக்கைப் பக்கத்தில் வைத்தால் அடிக்கு அடி ஊசி துள்ளி, பாட்டைப் பதியும் மெழுகுத்தட்டு பாழானது. கரும்புக்காட்டு ஓரம்வரை தள்ளி வைத்தால் தகரம் தட்டியதுபோல் கேட்டது. டிரம்முக்குள் கம்பளி திணித்தார்கள். தலையணையை அடித்த சத்தம்தான் வந்தது. டிரம் வாசலிலும் மைக் மாமனார் கிடந்த உள்ளறையிலும் இருந்தபோதுதான், சுவரைத் தாண்டி வந்த அடி கனமாக, உருண்டையாக விழுந்தது. க்ளோட் தன் காதுக்குழாயைக் கழற்றி ஐயாசாமிக்கு மாட்டினான். கல்யாணத்தன்றுகூட அந்த மனிதன் அப்படிச் சிரித்ததில்லை.

அதற்குள் தட்டுகள் தீரும் நிலைக்கு வந்துவிட்டன. சாயந்திரம் இயந்திரம் திரும்பிவிடும், மறுபடி வருமா என்பது நிச்சயமில்லை. ஐயாசாமிக்குக் கரும்பு வேலையில் அரை மனசுதான், டிரம்தான் உயிர். கோழிகளைக் கூடையில் கவிழ்த்து, நாய்களைக் கட்டிப்போட்டு, ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

வெளியே தீமிதிப் பாட்டு தொடங்கியது. அப்பா கண் திறந்தார். அவள் துண்டோடு குனிந்தாள். இருமல் வரவில்லை. நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வருமென்று காத்திருந்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

உயிர் பிரிந்ததும் மகள் குரலெடுத்து அழ வேண்டும். ஊருக்குச் சேதி அதுதான். அம்மா போன அன்று அவள் எழுப்பிய ஓலத்துக்கு அக்கம்பக்கத்தில் கரும்பு வெட்டு நின்றுபோனது. இப்போது வாயைத் திறந்தால் மைக் பிடித்துக்கொள்ளும். அதைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்றிருந்தது. அப்பாமேலும் கோபம் வந்தது. போக வேறு நேரமா கிடைக்கவில்லை இந்த மனுஷனுக்கு?

அவள் துண்டைச் சுருட்டித் தன் வாயில் அடைத்துக்கொண்டாள்.

சின்னப் பாட்டுதான், அன்று முடிகிற வழியாக இல்லை. அப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் கட்டில் அதிர்ந்து பாதம் லேசாக ஆடியது. உயிர் இருக்கிறதோ என்று ஒருதரம் நம்பியும் விட்டாள்.

பாட்டு ஓய்ந்தது. வாசலில் ஒரே கூச்சல். டிரம் கோலும் கையுமாக ஐயாசாமி ஓடிவந்தான்.

"மாமா இருமவே இல்ல, பாத்தியா! க்ளோட் கோரெக், சரியா விழுந்திருக்குன்னு சொல்லிட்டான். ஒரு தட்டு மிச்சமிருக்காம், எதுக்கும் இன்னொரு தடவ எடுத்து வச்சிக்கலாங்கறான். இவரு இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குவாரா?"

பூங்காவனம் வாயிலிருந்து துண்டை எடுத்தாள்.

"பொறுத்துக்குவாரு" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். எச்சில் ஊறி நைந்துபோயிருந்த துண்டைப் பார்த்தான். பிறகுதான் கட்டிலில் அசையாமல் கிடந்தவரைப் பார்த்தான்.

"ஆங்கோர்!" என்று வாசலிலிருந்து க்ளோட் இன்னொரு தடவைக்கு அவசரப்படுத்தினான். "ஆங்கோர், ஐயாசாமி!"

ஐயாசாமி கோலைத் தரையில் வைத்தான். மைக்கைக் கம்பியோடு இரண்டு கையாலும் தூக்கி, வயர் பின்னால் இழுபட, வாசலுக்குக் கொண்டுபோனான்.