ஆவணி பதினேழு வராத மனிதர்

செல்லப்பாண்டிக்கு எட்டு வருடமாக ஆவணி பதினேழாம் தேதி வரவில்லை. விஸ்வநத்தத்தில் மற்ற எல்லோருக்கும் வந்தது. பால்காரருக்கு வந்தது, பட்டாசுக் கம்பெனி வேன்களுக்கு வந்தது, அவர் மனைவி கற்பகவல்லிக்கும் வந்தது. அவர் மட்டும் பதினாறாம் தேதி படுத்தால் பதினெட்டாம் தேதி காலையில்தான் எழுந்திருப்பார். இடைப்பட்ட நாளில் கட்டிலில் போர்வை கிடக்கும், தலையணையில் குழி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். பதினேழு அவருடைய பிறந்த நாள். அது வராததால் அவருக்கு அறுபது ஆகவில்லை, ஐம்பத்தொன்பதிலேயே நிற்கிறார்.

இதற்குக் காரணம் ஒரு பென்ஷன். செல்லப்பாண்டி வளைகுடாவில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் மெஷின் ஓட்டினார். அந்தக் கம்பெனி அவர் பேரில் மாதாமாதம் பிடித்த பணத்தை அங்கேயும் வைக்கவில்லை, இந்தியாவுக்கும் அனுப்பவில்லை. எங்கோ குளிர்க் கடலில் கிடக்கும் ஒரு தீவில் போட்டு வைத்தது. அந்தத் தீவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பி, சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பத்து வருடம் அதை மறந்தே இருந்தார். ஓய்வு நெருங்கியபோதுதான் மகள் பாண்டிமீனா கம்ப்யூட்டரில் தேடி விவரம் எடுத்தாள். பென்ஷனை இந்தியாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அறுபது நிறைவதற்குள் மாற்றி முடித்துவிட வேண்டும். நிறைந்துவிட்டால் போனது போனதுதான். விண்ணப்பம் போட்டார்கள். தீவுக்காரர்கள் மரியாதையானவர்கள். கேட்டதைக் கொடுத்ததும் நன்றி சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார்கள். செல்லப்பாண்டி சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலைந்து செருப்பைத் தேய்த்தார்.

கற்பகவல்லிக்குப் பென்ஷன் மேல் கோபம் இல்லை. அவளுக்கு வேண்டியது அறுபதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு லீவு முடிந்திருந்தது. மணவறையில் தாலியைக் கையில் வாங்கிக்கொண்டே அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலமே விருதுநகரில் ரயிலேறிவிட்டார். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகிற புருஷன்தான். மிளகாய்க் காட்டையும் மாமனார் மாமியாரையும் பிள்ளையையும் அவள் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். மூத்தவர்களுக்கு முதலில் சோறு என்பது அந்தக் குடும்பத்து வழக்கமாதலால், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டாள். அந்த மனிதர் ஊரார் முன்னால், அவசரம் இல்லாமல், தன் முகத்தைப் பார்த்து ஒருமுறை தாலி கட்ட வேண்டும் என்று வெகுகாலமாக ஆசைப்பட்டாள். அந்தக் கடிகார விஷயத்தை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் வருடம் பந்தல் போட்டாயிற்று, மேளம் சொல்லியாயிற்று, சமையலுக்கும் ஆள் வந்தாயிற்று. பதினாறாம் தேதி தீவிலிருந்து இன்னும் ஒரு சான்று கேட்டார்கள். படுக்கப் போகும்போது செல்லப்பாண்டி, நாளைக்கு மட்டும் விடியாமல் இருந்தால் தேவலை என்றார். விடிந்தது, அவருக்குத்தான் விடியவில்லை. சொந்தக்காரர்கள் மாப்பிள்ளையைக் காட்டுப் பக்கம்வரை தேடிவிட்டு, சமைத்ததை வீணாக்கக் கூடாதென்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் அவர் கொட்டாவி விட்டபடி வெளியே வந்து, குவிந்து கிடந்த எச்சில் இலைகளைப் பார்த்து, யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார். கற்பகவல்லி இலைகளை அள்ளிப் போட்டாள்.

ஊர் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை. காலண்டர் கம்பெனி முதலாளிதான் பதறினார். தங்கள் காலண்டரில் ஒரு தேதி விட்டுப்போயிற்று என்று பேச்சு வந்தால் சீசன் ஆர்டர் கெட்டுவிடும் என்று, ஆள் வைத்துக் கட்டுக்கட்டாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பதினேழு இருந்தது. நிம்மதியாகிவிட்டார். அறுபதில் ஓய்வு என்பது கம்பெனி விதி. அறுபது ஆகாதவரை எப்படி அனுப்புவது என்று செல்லப்பாண்டியை வேலையிலேயே வைத்துக்கொண்டார்.

கற்பகவல்லிக்கு மாதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அவரைவிட நாலு வயது இளையவளாக இருந்தவள் மெல்ல மெல்ல எட்டிப்பிடித்து, ஒரு தை மாதத்தில் அவருக்குச் சமவயதுக்காரியானாள். அவர் மீசையில் கறுப்பு அப்படியே நின்றது, அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அன்றுதான் வாய்விட்டுக் கேட்டாள்.

“நீங்க வேண்டாமுன்னு நெனைக்கீக. அதான் அந்த நாளு வர மாட்டேங்குது.”

“அது வந்துட்டா இருபத்திரண்டு வருசமும் போச்சே, வல்லி. ஒன்னைய இங்கன விட்டுட்டுப் போயி இருந்ததுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு?” என்றார் செல்லப்பாண்டி.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கோபம் அன்றோடு போயிற்று. ஆசை போகவில்லை.

அடுத்த தையில் அவளுக்கு அறுபது. ஐயரிடம் போய் நாள் குறிக்கச் சொன்னாள். அறுபது என்பது புருஷனுடைய வயதுக்குத்தான் கணக்கு என்றார் அவர். “வீட்டுல யாரு மொதல்ல அறுபதுக்கு வாராகளோ, அவுகளுக்குத்தான சாமி கணக்கு?” என்றாள் கற்பகவல்லி. ஐயர் யோசித்துப் பார்த்து, மனைவி முந்திக்கொண்டால் செய்யக்கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை என ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து புருஷனிடமும் சுருக்கமாகச் சொன்னாள்.

“ஆவணிய நீங்களே வச்சுக்கிருங்க. தை எனக்கு. வந்து நின்னாப் போதும்.”

குறித்த நாளன்று விடிகாலையில் அவள் பயந்துகொண்டே எழுந்து கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். ஆள் இருந்தார். குளித்துவிட்டு வந்தவர், யாரும் சொல்லாமலேயே, கடிகாரத்தைக் கழற்றிப் பாண்டிமீனாவிடம் கொடுத்துவிட்டு மணவறையில் உட்கார்ந்தார். மேளம் கொட்டியது, பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சரவெடி கொளுத்தினார்கள். செல்லப்பாண்டி அவள் முகத்தைப் பார்த்தபடியே தாலியை வைத்துக்கொண்டிருந்தார். சரம் வெடித்து ஓய்ந்தும் அவர் முடிச்சுப் போடவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது, கட்டுங்கள் என்று ஐயர்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது கற்பகவல்லிக்கு அறுபத்து மூன்று, செல்லப்பாண்டிக்கு ஐம்பத்தொன்பது. தீவிலிருந்து இன்னும் ஒரு விவரம் கேட்டிருக்கிறார்கள், பாண்டிமீனா அனுப்பிவிட்டாள். ஆவணி பதினேழில் கற்பகவல்லி போர்வையை உதறி மடித்துவைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்வருகிறாள்; பதினெட்டு காலையில் அவருக்குக் காப்பி தயாராக இருக்கும். குடும்பத்து வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. மூத்தவர்களுக்குத்தான் முதலில் சோறு. அவர் பரிமாறுகிறார், அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு தன் தட்டை எடுத்துக்கொள்கிறார்.