சரசக்காவின் முறை

ரெங்கராஜ் தட்டை ஏந்திக்கொண்டு இரண்டாம் தடவையாக வரிசையில் வந்து நின்றான். சோறு வேண்டாம், ரசம் மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றச் சொன்னான். அங்கேயே நின்று குடித்து முடித்துவிட்டு, "இன்னைக்கு ரசம் யாருக்கா வச்சது?" என்று கேட்டான். அப்பளக் கூடைக்குப் பின்னால் நின்றிருந்த சரசு வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த கனகா, "நாந்தான்ண்ணே. காரம் கூடிப்போச்சோ?" என்றாள்.

"காரமா? எங்க ஆத்தா வந்து வச்சிட்டுப் போன மாதிரில்ல இருக்கு!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரசு அப்பளங்களை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கியவற்றில் இரண்டு நொறுங்கின. இதே ரெங்கராஜ் ஏழு மாதமாக அவள் வைத்த ரசத்தைக் குடித்திருக்கிறான். ஒரு நாளும் அவன் ஆத்தா வந்ததில்லை.

அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஒரு தேவாலயத்தின் மதிலுக்குள், வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் பழைய வில்லா ஒன்று இருந்தது. போக்கிடம் இல்லாமல் வரும் பெண்களுக்கு அதில் மூன்று அறைகளைக் கொடுத்திருந்தார்கள். வேலை பார்த்த வீட்டைவிட்டு உடுத்திய துணியோடு வெளியே வந்தவர்கள், ஏஜெண்ட் கைவிட்டவர்கள், ஊருக்குப் போகும் பேப்பருக்காகக் காத்திருப்பவர்கள். பொறுப்பு ஆக்னஸ் சிஸ்டருடையது. தூத்துக்குடிக்காரர். தங்க வந்தவர்கள் வெறுமனே உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. "வாங்குற கையாவே இருந்தா மனசு கூனிப்போவும்மா" என்பார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் சனாயா தொழிற்பேட்டைப் பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து வரும் நூற்றுச்சொச்சம் பேருக்கு மதியச் சாப்பாடு அந்தப் பெண்களின் கையால்தான். காய்கறி, எல்லோருக்கும் அண்ணன் முறையான மீராசா காக்காவின் கடையிலிருந்து வரும். அவர் மனைவி ஜுபைதா பருப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு காரில் வந்து, தானும் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். சாப்பிட வந்த ரெங்கராஜும் கூட்டாளிகளும் வில்லாவின் ஏசியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுத்தான் போவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெபம் முடிந்ததும் சிஸ்டர் அன்றைய சமையல்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவள்தான் முதல் தட்டில் சோறு போட்டு, வரிசையிலேயே வயதில் மூத்தவரிடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் கை தட்டுவார்கள். சரசு நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போய்ப் போடுவாள். சிஸ்டர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வேலை பார்த்த வீட்டில் நான்கு வருடம் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு கைதட்டல், ஒரு விரல் சொடுக்கு, அவ்வளவுதான். இங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அவள் பெயர் மைக்கில் வந்தது. திங்கள்கிழமையே அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்கத் தொடங்கிவிடுவாள்.

கனகா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கோவில்பட்டிப் பக்கம். மூன்று வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அடுப்பங்கரைக்கு வந்து, "அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்று நின்றாள். பாவமாக இருந்தது. ரசம் வை என்று சொன்னது சரசுதான். அந்த ஒரு வார்த்தைக்காக அதற்குப் பிறகு அவள் தன்னையே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பெருங்காய டப்பாவைக் கொண்டுபோய்த் தன் தலையணைக்கு அடியில் வைத்தாள். கனகா தேடவே இல்லை. பூண்டைக் கூடுதலாகத் தட்டிப் போட்டாள். அந்த ரசமும் பேர் வாங்கிவிட்டது. சாயங்காலம் அறைக்கு வந்த கனகா மூக்கை உறிஞ்சினாள்.

"ஏக்கா, நம்ம ரூம்ல பெருங்காயம் மணக்கே. உங்களுக்கு மணக்கலயா?"

"எனக்கு ஜலதோஷம்" என்று சரசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருக்கலாம். மகள் சுபா விஷயம்தான் பொறுக்கவில்லை. சுபாவுக்குப் பதினேழு வயது. மன்னார்குடியில் சித்தி வீட்டில் வளர்கிறாள். வீடியோ காலில் வந்தால் அம்மாவிடம் சாப்பிட்டியா, தூங்கினியா என்ற இரண்டு கேள்விக்கு மேல் பேச அவளுக்கு ஒன்றும் இருக்காது. ஒருநாள் போனைக் கனகாவிடம் கொடுத்துவிட்டுச் சரசு குளிக்கப் போனாள். திரும்பி வரும்போது அறைக்கு வெளியிலேயே சுபாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான்கு வருடத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. "கனகாக்கா, நாளைக்கும் பேசுவீங்களா?" என்று சுபா கேட்டுக்கொண்டிருந்தாள். சரசு ஈரத்தலையோடு அங்கேயே நின்றாள். உள்ளே போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போனாள். நின்றது.

மே மாதத்தின் மூன்றாவது ஞாயிறு ஜெபம் முடிந்தது. சரசு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். சிஸ்டர் மைக்கைப் பிடித்து, "இன்னைக்குக் கனகா போடட்டும்" என்றார். கைதட்டல் எழுந்தது. முன்னால் வைத்த காலை என்ன செய்வதென்று தெரியாமல் சரசு குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

அன்று சாப்பாடு முடிந்ததும் சிஸ்டர் இருவரையும் கூப்பிட்டார். ஜுபைதாவும் இருந்தார்.

"ரெண்டு பேருக்கும் பேப்பர் வந்துட்டு. இந்த மாசத்து டிக்கெட் மீராசா காக்கா குடுக்காங்க. ஒரு டிக்கெட்தான். முறைப்படி சரசுக்கு. கனகா, நீ செப்டம்பர் வரைக்கும் பொறுக்கணும்மா. லீவு சீசன்ல டிக்கெட் விலை ஏறிரும், குடுக்க ஆளு வர மாட்டாங்க."

ஏழு மாதமாக இந்த நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அடுத்த மாதம் சுபா கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போகிறாள், ஹாஸ்டல். இப்போது போனால் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருபது நாள் இருக்கலாம். சரசு அந்த இருபது நாளை நினைக்கத்தான் முயன்றாள். ஆனால் கண்ணுக்கு முன்னால் வந்தது செப்டம்பர் வரைக்குமான ஞாயிற்றுக்கிழமைகள். பதினைந்து ஞாயிறு. மைக்கில் கனகா. கைதட்டல் கனகாவுக்கு. சரசு என்று ஒருத்தி இங்கே இருந்தாள் என்பதுகூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"அவ போகட்டும் சிஸ்டர்" என்றாள். தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். "சின்னப் புள்ளைய விட்டுட்டு வந்திருக்கா. நான் இருந்துக்கிறேன்."

 கனகா அப்படியே சரிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வேண்டாங்க்கா, உங்க முறைக்கா" என்று அழுதாள். ஜுபைதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லாவே! இப்படியும் ஒரு மனசா! நா அவங்ககிட்ட போயி சொல்றேன் புள்ள" என்றார். சிஸ்டர் மட்டும் சரசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போன பிறகு, "நல்லா யோசிச்சியா? மக காத்துக்கிட்டிருக்காளே" என்றார்.

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. "யோசிச்சுட்டேன் சிஸ்டர்" என்றாள் சரசு.

அடுத்த பூசையில் பாதிரியார் அவள் பெயரைச் சொன்னார். தன்னுடையதை இன்னொருத்திக்குக் கொடுத்த பெண் என்றார். முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரெங்கராஜ், "அக்கா, நீங்க பெரிய ஆளுக்கா" என்று கும்பிட்டான். மீராசா காக்கா ஒரு புடவை கொடுத்தனுப்பினார். இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் தன் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தலையணைக்கு அடியிலிருந்த டப்பாவை யாரோ வெளியே எடுத்துக் காட்டுவதுபோல அவளுக்கு உடம்பு கூசியது.

சுபாவுக்கு அவளே போன் செய்து சொன்னாள்.  "சரிம்மா" என்றாள் சுபா. "சாப்பிட்டியா?" என்றாள்.

கனகா புதன்கிழமை போனாள். வண்டி ஏறும்போது, "உங்க மகளைப் போயிப் பாத்துட்டுத்தான்க்கா எங்க வீட்டுக்கே போவேன்" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று சரசு நினைத்தாள். திருச்சியில் இறங்குகிறவள் மகனிடம் ஓடாமல் மன்னார்குடிக்கா போவாள்?

ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டு சரசுவின் கைக்கு வந்தது. கைதட்டல் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. தட்டை வாங்கிய கடப்பாக்காரப் பெரியவர் அவள் தலையில் கை வைத்துத் தெலுங்கில் என்னவோ சொன்னார். வரிசை நகர்ந்தது. ரெங்கராஜ் ரசத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏசியைப் பார்க்கப் போனான். அது போதும் என்று சரசு தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் போன் அடித்து ஓய்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். கனகா போட்டோ ஒன்று அனுப்பியிருந்தாள். மன்னார்குடி வீட்டு வாசல். திருச்சிக்கே மாமியார் கூட்டி வந்திருந்தாள் போல, கனகாவின் மகன் முன்னால் நிற்கிறான். சித்தி நாற்காலியில் இருக்கிறாள். நடுவில் சுபா. எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று தெரியவில்லை. கழுத்தெலும்பு தெரிய, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளை அணைத்தபடி கனகா.

சரசு வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு விரலை வைத்துப் படத்தை விரித்தாள். மகனும் சித்தியும் விலகிப் போனார்கள். இன்னும் விரித்தாள். கனகாவின் முகம் ஓரத்துக்குப் போய் மறைந்தது. சுபாவின் முகம் மட்டும் திரை முழுவதும் நிறைந்தது. கன்னத்தில் ஒரு பரு, முன்பல்லில் சின்ன இடைவெளி. இடப் பக்கம் தள்ளினாள், வலப் பக்கம் தள்ளினாள். எப்படித் தள்ளினாலும் மகளின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன.