எல்லாப் படத்துக்கும் ஏழு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தேக்கா சந்தையில், வாங்கிய மீனைச் செதில் நீக்கி வெட்டித் தரும்வரை நின்றிருந்தபோது, பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணம் அக்கா சொன்னது. ஒரு காலத்தில் நாங்கள் புக்கிட் பாத்தோக்கில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்தோம். நான் எழுதுகிறவள் என்பது அவருக்குத் தெரியும். சொல்லி முடித்ததும், "வேணும்னா எழுதிக்கம்மா. ஆனா படிக்கிறவங்கள அழ வைக்காத. நாங்க ஒண்ணும் அழுதுகிட்டு இல்ல," என்றார்.

இரண்டு முறை தொடங்கினேன்.

'சேவியருக்குப் பேச்சு போன அன்று விடியலிலிருந்தே மழை' (பெய்ததா என்று நான் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.)

'டிசம்பர் பிறந்தால் அந்த வீட்டு சோபாவில் இரண்டு நீதிபதிகள்' (என் கெட்டிக்காரத்தனம் முன்னால் வந்து நிற்கிறது. இதுவும் வேண்டாம்.)

நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன். எழுதும்போது 'அக்கா', 'அவர்' என்றால் கணவர் எவர், மனைவி எவர் என்று குழம்புகிறது. அதனால் இனி அவரை 'அவள்' என்றே எழுதப் போகிறேன். மன்னித்துக்கொள்வார்.

2

பஞ்சவர்ணமும் சேவியரும் விரும்பி மணந்தவர்கள். அவர் குவீன்ஸ்டவுன் கத்தோலிக்கர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவள் புக்கிட் மேராவில், தினமும் முருகன் படத்துக்கு விளக்கேற்றும் வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமான முதல் கிறிஸ்மஸுக்கு இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சேவியர் சிராங்கூன் ரோட்டுக் கடையில் ஆறு வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்தார். ஒவ்வொரு படம் முடிந்ததும் இருவரும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டார்கள்.

பிறகு இரண்டு வீடும் சமாதானமாகிவிட்டன. மகள் அனிதா பிறந்தாள். கேசட் போய் வட்டு வந்தது, வட்டும் போய்த் தொலைக்காட்சியே கடையாகிவிட்டது. ஆனால் டிசம்பரில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் படம், படத்துக்குப் பின் மார்க் என்கிற வழக்கம் முப்பத்தோரு வருடமாக நிற்கவே இல்லை.

ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் மாற்றிவிடக் கூடாது என்று ஒரு விதி. அவள் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுவாள். மூணு முடிந்ததும் இருவரும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தாராளக் கை. படத்தில் யாராவது கஷ்டப்பட்டால் எட்டு, செத்துப்போனால் ஒன்பது. சேவியர் கருமி. ஆறைத் தாண்டியதே கிடையாது. போட்ட மார்க்குக்கு அரை மணி நேரம் காரணம் சொல்வார். இரண்டாம் பாதி இழுக்கிறது, அந்த அண்ணன் பாத்திரமே தேவையில்லை, கடைசிச் சண்டையில் எல்லாருக்கும் எப்படி ஒரே நேரத்தில் வழி தெரிந்தது.

"எனக்குப் படத்தவிட அவரு அதுக்கப்புறம் பேசுறதுதான் பிடிக்கும்," என்றாள்.

(பேசாமல் இருந்த டிசம்பர்களும் உண்டா என்று கேட்டேன். "இருந்துச்சு," என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.)

3

போன செப்டம்பரில் ஒரு காலை, நடைப்பயிற்சிக்குப் போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்த சேவியர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கிப் போயிருந்தது. பேச்சு முற்றிலும் நின்றிருந்தது. மற்றவர்கள் பேசுவது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வாரம் ஒருமுறை ஷபானா என்ற பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். "பழகின விஷயமா செய்ங்க ஆன்ட்டி. ஜெபம், பாட்டு, எண்ணுறது. பழகின வழியில சில சமயம் வார்த்தை வந்துடும்."

டிசம்பர் முதல் வாரம். அனிதா அரை நாள் விடுப்பு எடுத்து வந்து, ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டாள். படம் முடிந்ததும் பஞ்சவர்ணம் பழக்க தோஷத்தில் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணினாள். அவள் "எட்டு" என்றபோது கூடவே கரகரப்பாக இன்னொரு குரல் கேட்டது.

"ஏழு."

மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அனிதா சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டாள். பஞ்சவர்ணம் மட்டும் கொஞ்சம் வியந்தாள். ஏழா? நோய் இவர் கையைத் தாராளமாக்கிவிட்டதா?

மறுநாள் படத்துக்கும் ஏழு. அடுத்ததற்கும் ஏழு. ஐந்தாம் நாள், "டீ போடவாங்க?" என்று கேட்டாள்.

"ஏழு."

"ஜன்னல சாத்தவா?"

"ஏழு."

அனிதா அம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். "மா, அது மார்க் இல்லமா. ஷபானாகிட்ட கேட்டேன். ஒரே வேர்ட்ல ஸ்டக் ஆயிடுமாம். அப்பா மனசுல வேற ஏதோ இருக்கலாம், வாய்ல அதான் வரும்."

"அப்ப படம் புரியுதா, இல்லையா?"

"தெரியலமா."

இந்த இடத்தில் அவள் மனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்: முப்பத்தோரு வருடமாக அந்த சோபாவில் அவளோடு ஒத்துப்போகாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

4

அவள் ஒரு சோதனை வைத்தாள். பல வருடத்துக்கு முன்னால், கதாநாயகன் ஓடும் லாரியிலிருந்து ஹெலிகாப்டருக்குத் தாவியதும், ஒன்று என்று மார்க் போட்டுவிட்டுச் சேவியர் பாதியில் எழுந்துபோன படம் ஒன்று உண்டு. அதைத் தேடிப் பிடித்துப் போட்டாள். முழுப் படமும் ஓடியது. எண்ணினாள்.

"ஏழு."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் காதில் ஏதோ உறுத்தியது. அந்த ஏழு இழுத்து வந்தது. பஸ் வரிசையில் யாராவது இடையில் நுழைந்தால் சேவியர் மூக்கால் ஒரு சத்தம் விடுவார். அது அந்தச் சொல்லுக்குள் இருந்தது. டீக்குச் சொன்ன ஏழு அப்படி இல்லை. அது வெட்டிப் போட்டதுபோல் சின்னது.

மறுநாளிலிருந்து அவள் திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

"ஏழுக்குள்ளேயே ஏழு விதம் இருக்கு," என்று அனிதாவிடம் சொன்னாள்.*

* இல்லை, சொல்லவில்லை. இது என் வாக்கியம், அழகாக இருக்கிறதே என்று வைத்தேன். அவள் சொன்னது: "எல்லாம் ஒரே மாதிரி இல்ல லா. காது குடுத்துக் கேட்டாத் தெரியும்."

ஷபானா கவனமாகப் பேசினார். "குரலோட ஏத்த இறக்கம் மிச்சம் இருக்கும் ஆன்ட்டி, உண்மைதான். ஆனா அத வெச்சு அங்கிளுக்குப் படம் முழுசாப் புரியுதுன்னு என்னால சொல்ல முடியாது."

"நீங்க சொல்ல வேணாம்மா. நான் கேட்டுக்கிறேன்."

5

கிறிஸ்மஸ் அன்று காலை சக்கர நாற்காலியில் தேவாலயம் போய் வந்தார்கள். சொந்தங்கள் கேக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பின், படம் தேர்ந்தெடுக்கும் முறை பஞ்சவர்ணத்துடையது. தனக்குப் பிடித்த பழைய படத்தைப் போட்டாள். காது கேளாத தபால்காரர் ஒருவர், முகவரி கிழிந்துபோன ஒரு கடிதத்தை உரியவரிடம் சேர்க்க ஊர் ஊராக அலைகிற கதை.

முடிந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

"பத்து," என்றாள் அவள்.

"நாலு," என்றார் சேவியர்.

இங்கே கதையை நிறுத்த எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவது. அதற்கு அனுமதியில்லை, அவள் அழவும் இல்லை. இன்னொன்று, நானே இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டி, சேவியரிடம் மார்க் கேட்பது. அதற்கு எந்த ரயில் என்றுகூடப் பார்த்துவிட்டேன். இரண்டே சொல் மிச்சமிருக்கும் மனிதரிடம் ஒன்றை என் கதைக்காகக் கேட்பதா என்று தோன்றியது. போகவில்லை.

நடந்தது, அவள் சண்டை பிடித்தாள்.

"நாலா? செருப்பு அறுந்து போயும் அந்த மனுஷன் நடக்குறான், அதுக்கு நாலா? செகண்ட் ஹாஃப் இழுக்குதுன்னு சொல்லப் போறீங்க, அதானே? எங்க இழுக்குது, ஒரு எடம் காட்டுங்க."

அனிதா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். "மா, என்ன இது? உடம்பு முடியாதவங்ககிட்ட போய்."

"உடம்பு முடியாதவரா? நாலு போட்டிருக்காரு அனிதா. இந்தப் படத்துக்கு."

அரை மணி நேரம் பேசினாளாம். வழக்கமாக அவர் குறுக்கிடும் இடங்களில் நிறுத்தி, அவர் பேசும் அளவுக்குக் காத்திருந்து, அதற்குப் பதில் சொல்லி, மேலே போனாளாம். செப்டம்பருக்குப் பிறகு அவள் தன் முழுக் குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

6

அப்போது சேவியர் என்ன செய்தார்?

சந்தையில் சொன்னபோது, "இடது பக்கமா வாயக் கோணி சிரிச்சாரு," என்றாள். எழுத உட்கார்ந்தபின், சரிபார்க்கலாமே என்று பிப்ரவரிக் கடைசியில் போன் செய்தேன்.

"சிரிச்சாரா? இல்லம்மா. கண்ண மூடிக்கிட்டாரு. களைச்சுப்போயிட்டாரு."

"சிரிச்சாருன்னு சொன்னீங்களேக்கா."

"அப்படியா சொன்னேன்? அதுக்கப்புறம் நாலு வரல. பழையபடி ஏழுதான். நாக்கு தவறியிருக்கும்னு அனிதா சொல்றா. நீ எத எழுதியிருக்க?"

"ரெண்டையும்."

"சரி. ரெண்டும் இருக்கட்டும்."

இருக்கட்டும். சிரித்தாரா, கண்ணை மூடினாரா, நாலு என்பது மார்க்கா, தவறிய நாக்கா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.

போனை வைப்பதற்கு முன் சும்மா கேட்டேன், கிறிஸ்மஸ் படங்களை வழக்கமாக எப்போது முடிப்பார்கள் என்று.

"மூணு ராஜா திருநாளோட முடிஞ்சிடும். ஜனவரி ஆறு. மரத்தையும் அன்னிக்கே கழட்டி மேல போட்டுருவோம்."

"இந்த வருஷம்?"

"கழட்டல." பொங்கல் போய்ச் சீனப் புத்தாண்டும் போய்விட்டிருந்தது. "பக்கத்து வீட்டம்மாகூட கேட்டாங்க. இன்னும் படம் இருக்கு, பாத்து முடிக்கலன்னு சொன்னேன்."

பின்னால் ஏதோ ஒரு படத்தின் ஆரம்ப இசை கேட்டது. "போட்டாச்சும்மா, வெச்சிர்றேன்," என்றாள்.